களத்து மேட்டில் கழற்ற மறந்த கண்கட்டு

மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மாணவர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர். இப்போது சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். ராத்திரியில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு போய் விடிவதற்குள் சந்தையில் இறக்க வேண்டும். குடும்பத்தைப் பற்றி, புதுசாக வாங்கிய வண்டியைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"டீச்சர், நீங்க கிளாஸ்ல சொன்னதைத்தான் இப்பவும் செய்யறேன். எதிர்ல ஹை பீம் அடிச்சிக்கிட்டு வண்டி வந்தா வலது கண்ணை மூடிக்குவேன். தாண்டினதும் திறந்தா ரோடு பளிச்சுன்னு தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் என்னைக் காப்பாத்துது."

சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தச் செய்தியை நாலு தடவை கேட்டேன். அவர் சொன்னபடியே நான் சொல்லிக்கொடுத்தது உண்மை. ஒரு வருடம் இல்லை, பல வருடங்கள், வகுப்பு வகுப்பாக. அதை யாராவது சாலைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அது என் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ஜோலார்பேட்டையில் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். அடுப்பு வாயைத் திறந்து கரி அள்ளிப் போடும்போது உள்ளே எரிகிற வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும். போட்டு முடித்து வெளியே தலையை நீட்டினால் இருட்டில் கைகாட்டி விளக்கு தெரியாது. அதனால் கரி போடும் நேரம் மட்டும் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாராம். அடுப்புக் கதவு சாத்தியதும் அந்தக் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தால் இருட்டு அவ்வளவு இருட்டாக இருக்காது என்பார். சின்ன வயதில் மின்சாரம் போகிற ராத்திரிகளில் நானும் தங்கையும் இதைச் செய்து பார்த்திருக்கிறோம்.

ஆசிரியர் ஆன பிறகு இதை ஒரு சோதனையாகவே நடத்தினேன். ஆய்வக ஜன்னல்களில் கறுப்புத் துணி மாட்டி, விளக்கைப் போட்டு, பிள்ளைகளை ஒரு கண்ணை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொல்வேன். பதினைந்து இருபது நிமிடம் பாடம் நடக்கும். அப்புறம் விளக்கை அணைப்பேன். "இப்ப கையை எடுங்க. ஒரு கண்ணை மூடிப் பாருங்க, அப்புறம் மறு கண்ணை மூடிப் பாருங்க." அந்த நொடியில் எழும் கூச்சலுக்காகவே ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன். பொத்தி வைத்திருந்த கண்ணுக்கு மேசையும் ஜன்னல் கம்பியும் பக்கத்தில் இருப்பவள் ரிப்பனும் தெரியும். மறு கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

காரணம் எளிமையானதுதான். ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் சுமார் 12 கோடி குச்சி செல்கள் இருக்கின்றன, 60 லட்சம் கூம்பு செல்கள் இருக்கின்றன. இருட்டில் உதவுபவை குச்சி செல்கள். அவற்றுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பிரகாசமான வெளிச்சம் பட்டால் அது வெளிறிப்போகும். திரும்பவும் அது ஊறி நிறைய 20 நிமிடம், 30 நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதம். கண்பாவை விரிவது சில நொடிகளில் நடக்கிற வேலை, அது பெரிய விஷயம் இல்லை. ரொடாப்சின்தான் நேரம் கேட்கிறது. அது அந்தந்த விழித்திரையில் தனித்தனியாக நடப்பதால், ஒரு கண்ணைப் பொத்தினால் அந்தக் கண்ணின் இருட்டுப் பார்வை அப்படியே தங்கும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை விமானிகளுக்கு வெளியிடும் கையேட்டில்கூட, இரவில் விளக்கைப் பயன்படுத்த நேர்ந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை உண்டு. கடற்கொள்ளைக்காரர்கள் இதற்காகத்தான் கண்ணில் கறுப்புத் துணி கட்டினார்கள் என்று பிள்ளைகள் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொல்வார்கள். அதற்குச் சரித்திரச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் சோதனை உண்மை. அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்தது 2018 மார்ச் 17-ஆம் தேதி ராத்திரி. சனிக்கிழமை, அமாவாசை.

என்னிடம் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அமாவாசையை ஒட்டி, மேகம் இல்லாத சனிக்கிழமைகளில் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவோம். ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினால் காவலூர். 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். வானியலாளர்கள் தேடிக் கண்டுபிடித்த அந்த இருட்டில் கொஞ்சம் எங்களுக்கும் கிடைக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் நிலத்தில் சிமென்ட் பூசிய களம் ஒன்று உண்டு. சாமை அடிப்பதற்கும் புளி காயவைப்பதற்கும் போட்ட களம். அறுப்பு முடிந்த பிறகு சும்மாதான் கிடக்கும், பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். சரிவில் கட்டியது என்பதால் ஒரு பக்கம் தரையோடு தரையாக இருக்கும். மறுபக்கம் மூன்றடி உயரம். கீழே கல் அடுக்கியிருப்பார்கள்.

வழக்கமாகப் பிள்ளைகள் ஏழெட்டு பேர் வருவார்கள். அன்று பொதுத்தேர்வு நேரம் என்பதால் யாரையும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் நினைத்தால் அதற்காகத்தான் மனசு ஆறுகிறது. நான், அக்கா பையன், பள்ளியில் கணக்கு எடுக்கும் தோழி, அவள் கணவர், அவ்வளவுதான்.

கண்கட்டு எங்களுக்கு அப்போது வழக்கமாகியிருந்தது. தையல்காரரிடம் கறுப்புத் துணியில் பத்துப் பன்னிரண்டு கட்டு தைத்து, எலாஸ்டிக் வைத்து வாங்கியிருந்தேன். தொலைநோக்கியில் நான் வலது கண்ணால்தான் பார்ப்பேன். பார்க்கும்போது கட்டு இடது கண்ணில் இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டே நிற்க வேண்டாம், முகம் வலிக்காது. வரைபடம் பார்க்க மேசைக்கு வரும்போது கட்டை வலது கண்ணுக்கு மாற்றிவிடுவேன். இருட்டுக்குப் பழகிய நல்ல கண் பத்திரமாகத் துணிக்குள் இருக்கும். இடது கண்ணால் வரைபடம், கைப்பேசி, குறிப்பேடு எல்லாம். திரும்ப வந்ததும் மறுபடி மாற்றிக்கொள்வேன். ராத்திரி முழுக்க இப்படி முப்பது நாற்பது தடவை.

நடு ராத்திரி வாக்கில் சிம்ம ராசி சரியாகத் தலைக்கு மேலே நின்றது. அதில் மூன்று விண்மீன் திரள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சுமார் 3.5 கோடி ஒளியாண்டு தூரம். இரண்டு சுமாராகத் தெரியும். மூன்றாவது மங்கலான ஒரு கீற்று, கண் நன்றாக இருட்டுக்குப் பழகியிருந்தால்தான் தெரியும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். விழித்திரையின் நடுப்பள்ளத்தில் குச்சி செல்களே கிடையாது என்பதால் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் கீற்று அன்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வையை இழக்க மனசே இல்லை. இன்னும் அகலமாகக் காட்டும் கண்ணருகு வில்லை (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை) ஒன்றை எடுத்து மாட்டலாம் என்று நினைத்தேன். அது வண்டியில் இருந்தது. கட்டை வலது கண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். மேசைக்கு வந்தபோது கைப்பேசி அதிர்ந்தது, வீட்டிலிருந்து அழைப்பு. திரை வெள்ளையாக எரிந்தது. பேசி முடித்து, ஒரு கையில் தேநீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தேன்.

நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, கால் வைத்த இடத்தில் களம் இல்லை.

விழுந்தது ஒரு நொடி. வலது கையை ஊன்றியிருக்கிறேன். மணிக்கட்டுக்குள் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அது காதில் கேட்டதா உடம்பில் கேட்டதா என்று இன்னும் தெரியவில்லை. கட்டு அறுந்து எங்கேயோ போய்விட்டது. மல்லாக்கப் புரண்டு வானத்தைப் பார்த்தேன். வலது கண்ணில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. இடது கண்ணைத் தனியாகத் திறந்து பார்த்தேன். கறுப்பு. ஒரு நட்சத்திரம் இல்லை. கை வலியைவிட அதுதான் பயமாக இருந்தது. தலையில் அடிபட்டு ஒரு கண் போய்விட்டது என்றே நினைத்தேன். இத்தனை வருடமாக அந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். இருந்தும் அந்த நேரத்தில் என் மூளைக்கு அது எட்டவில்லை. தோழிதான் டார்ச் அடித்து, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சுருங்குகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் லண்டன் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 40. இருட்டில் ஒரு கண் அவ்வப்போது தெரியாமல் போகிறது, சில நிமிடத்தில் திரும்பி வருகிறது என்று இருவரும் வந்திருக்கிறார்கள். பலவிதமான பரிசோதனைகள் செய்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், இருவரும் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துக் கைப்பேசி பார்ப்பவர்கள். ஒரு கண் தலையணையில் அழுந்தி மூடியிருக்கும், மறு கண் மட்டும் திரையைப் பார்க்கும். கைப்பேசியை அணைத்ததும் வெளிச்சம் பார்த்த கண் குருடானது போலத் தெரியும். இருட்டில் படுத்துக்கொண்டு கைப்பேசி பார்க்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதே சமயம், கைப்பேசி பார்க்காதபோதும் ஒரு கண் திடீரென்று மங்கினாலோ இருண்டாலோ "டீச்சர் எழுதியிருந்தாங்களே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்கா பையன்தான் ஓட்டினான். அவனும் இரண்டு மணி நேரமாகக் கட்டோடு நின்றிருந்தவன். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினான். "சித்தி, மன்னிச்சுக்கோ. ரெண்டு கண்ணுலயும் ரோடு ஒரே மாதிரி இல்ல. வளைவுக் கல்லு கிட்ட இருக்கா தூரமா இருக்கான்னு பிடிபடல. பத்து நிமிஷம் குடு" என்றான். உள்விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். நான் வலியில் முனகிக்கொண்டிருந்தேன். அவனுக்கு வயது அப்போது 24. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவனை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

அவன் சொன்னது பிரமை இல்லை. கார்ல் புல்ஃப்ரிஷ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1922-லேயே இதற்கு நெருங்கிய ஒன்றை விளக்கியிருக்கிறார். ஒரு நூலில் எலுமிச்சம்பழத்தைக் கட்டி, இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆடவிடுங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். பழம் நேர்கோட்டில் ஆடாது. உங்களை நோக்கி வந்து, விலகிப் போய், நீள்வட்டமாகச் சுற்றுவது போலத் தெரியும். மங்கலான வெளிச்சம் பெறும் கண்ணிலிருந்து சேதி மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறது. அந்தத் தாமதத்தை மூளை தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. புல்ஃப்ரிஷுக்கே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, அவரால் இதைத் தானே பார்க்க முடியவில்லை என்பது என்னை எப்போதும் உலுக்கும். இரண்டு கண்ணும் இரண்டு விதமாக வேலை செய்யும்போது, நகர்கிற பொருளின் தூரத்தை நம்ப முடியாது. மலைப்பாதையில் எல்லாமே நகர்கிறது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருடம் விடைத்தாள் திருத்தப் போக முடியவில்லை. வலது கை கட்டிப்போட்ட நிலையில் வீட்டில் உட்கார்ந்து, ஏன் விழுந்தேன் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். இருட்டால் விழவில்லை. அந்தக் களத்தில் எத்தனையோ அமாவாசைக்கு நடந்திருக்கிறேன். நட்சத்திர வெளிச்சத்திலேயே சிமென்ட் விளிம்பு வெளுப்பாகத் தெரியும்.

மகளை உதவிக்கு வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். தரையில் சாக்பீஸால் பெரிய அரைவட்டம் போட்டு, பாகைமானியால் கோடு குறித்து, நடுவில் நான் உட்கார்ந்து நேராகப் பார்க்க, அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி வருவாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் வலப்பக்கம் 95 டிகிரியில் பழம் தெரிந்துவிடுகிறது. வலது கண்ணைப் பொத்தினால் 60 டிகிரிக்கு உள்ளே வந்த பிறகுதான் தெரிகிறது. நடுவில் என் மூக்கு நிற்கிறது. வலப்பக்கத்தில் 35 டிகிரி அகலத்துக்கு ஒரு துண்டு உலகம் முழுசாகக் காணாமல் போகிறது, காலடிக்கு வலப்புறம் கீழே இருப்பதும் அதில் சேர்த்தி. நான் விழுந்தது வலப்பக்கம்.

இதில் பயங்கரம் என்னவென்றால், காணாமல் போனது தெரியாது. கறுப்பாகத் தெரிந்தால் எச்சரிக்கையாக இருப்போம். அங்கே கறுப்புகூட இல்லை, அந்தப் பக்கமே இல்லை. இதுபோக ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் குருட்டுப் புள்ளி உண்டு. இரண்டு கண் திறந்திருக்கும்போது ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். ஒன்றைக் கட்டினால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், மூளை அதை அக்கம்பக்கத்து நிறத்தால் பூசி மெழுகிவிடும். ஆழம் தெரிவதும் குறையும். வெளிச்சத்தை உணரும் திறனே ஒரு கண்ணைவிட இரண்டு கண்ணுக்குச் சுமார் 1.4 மடங்கு அதிகம். படி இறங்கும்போது, தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது இதெல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது என்பதை ஒரு கையோடும் ஒரு கண்ணோடும் சமையலறையில் நின்றபோது நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. நடந்த நேரத்தில் துணிக்குள் இருந்தது எந்தக் கண்? இருட்டுக்குப் பழகிய நல்ல கண். வெளியே இருந்தது எது? கைப்பேசி வெளிச்சத்தில் வெளிறிப்போன கண். தரையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் தரையைப் பார்க்கக்கூடிய கண்ணைக் கட்டி வைத்துவிட்டு, பார்க்க முடியாத கண்ணோடு நடந்திருக்கிறேன். எங்கேயோ 3.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு கீற்றுக்காக, காலடியில் இருந்த மூன்றடியை விட்டுவிட்டேன். நடப்பதற்கு முன்னால் கட்டைக் கழற்றியிருந்தால் வலது கண் விளிம்பைக் காட்டியிருக்கும்.

அப்பா செய்ததும் நான் செய்ததும் ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. அப்பா இமையை மூடினார். கரி போட்டு முடிந்த அடுத்த நொடி இமை திறந்துவிடும். மூடிய கண்ணோடு அவர் எஞ்சினிலிருந்து ஒரு படிகூட இறங்கியிருக்க மாட்டார். துணி அப்படி இல்லை. முகத்தில் இருப்பதே மறந்துவிடுகிறது. கையில் பிளாஸ்க் இருந்தால் எடுக்கவும் முடியாது.

ஒரு கண் மட்டும் உள்ளவர்களைப் பற்றி இங்கே சொல்லவில்லை. என் பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் கில்லி பட்டு ஒரு கண் போனது. அவர் வயலில் வேலை செய்தார், சைக்கிள் ஓட்டினார், மரம் ஏறினார். நடக்கும்போது தலை எப்போதும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். "பழகறதுக்கு மூணு வருஷம் ஆச்சு" என்பார். அந்தப் பழக்கம் அவர் உழைத்துச் சம்பாதித்தது. ஐந்து நிமிடத்துக்குத் துணி கட்டிக்கொள்ளும் நமக்கு அது கிடையாது.

இப்போது சாலைக்கு வருகிறேன். அந்த லோடு வண்டிக்காரருக்கு அன்று மாலையே போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பேசினோம். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அவர் உணர்வது பொய் இல்லை. மூடிய கண்ணைத் திறந்ததும் அதில் கூச்சம் இல்லாமல் சாலை தெரியும். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிர் வண்டி நெருங்கித் தாண்டும் வரை நாலு நொடி கண்ணை மூடினால் சுமார் 65 மீட்டர். அந்த 65 மீட்டரை, கூசுகிற ஒரே கண்ணோடு கடக்கிறார். அதே கூச்சத்தை இரண்டு கண்ணாலும் வாங்கியிருந்தால்கூட இரு ஓரமும் கிடைத்திருக்கும். நம் சாலைகளில் ஆபத்து எங்கிருந்து வருகிறது? ஹை பீமுக்குப் பின்னாலிருந்து முந்த வரும் இன்னொரு வண்டி. விளக்கில்லாத மொபெட். குறுக்கே வரும் மாடு. தேநீர்க் கடையிலிருந்து சாலையைக் கடக்கும் ஆள். வலது கண்ணை மூடினால் வலப்புறத்து ஓரம் போகும். சரி, இடது கண்ணை மூடலாமா என்று கேட்டார். அப்போது நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் இருக்கும் பக்கம் போகும். எந்தக் கண்ணும் வேண்டாம். போதாததற்கு, ஒரு கண்ணை இறுக்கி மூடும்போது பலருக்கு மறு கண்ணும் பாதி சுருங்கிவிடுகிறது. நிலைக்கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்று, வண்டி ஓட்டும்போது காப்பாற்ற வேண்டிய இருட்டுப் பார்வையே பெரிதாக இல்லை. களத்து மேட்டில் எனக்கு இருந்தது அரை மணி நேரம் இருட்டில் நின்று சேர்த்த பார்வை. ஓட்டுநருக்கு முன்னால் அவர் வண்டியின் விளக்கே எந்நேரமும் சாலையில் விழுந்துகொண்டிருக்கிறது, டேஷ்போர்டு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் வேலை செய்வது கூம்பு செல்கள். கூச்சத்திலிருந்து அவை திரும்ப நொடிக்கணக்குதான் ஆகும், அரை மணி நேரம் இல்லை. அந்த நொடிகளைத் தாங்குவதற்கு வழி வேகத்தைக் குறைப்பது. எதிர் வண்டி தாண்டின பிறகு இல்லை, வெளிச்சம் தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பார்வையை விளக்கின்மேல் வைக்காமல் இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டின்மேல் வைக்க வேண்டும். எதிரே வருபவர் குறைக்காவிட்டாலும் நம் விளக்கைத் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் அவரும் பார்வை இல்லாமல்தான் நம்மை நோக்கி வருகிறார்.

முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைக்கச் சொன்னேன். வெளியே தினமும் துடைக்கிறாராம், உள்ளே துடைத்து மாதக்கணக்கில் ஆகிறது என்றார். உள்ளே படிந்திருக்கும் மெல்லிய படலம்தான் எதிர் விளக்கைக் கண்ணாடி முழுக்கப் பரப்பிவிடுகிறது. கடைசியாக, அவருடைய அப்பாவும் சில நாள் அதே வண்டியை ஓட்டுகிறார், அவருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவரை உடனே கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கண்புரை அப்படியும் ஆரம்பிக்கலாம். போன வாரம் போய்விட்டு வந்தார்கள். புரைதான். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

தொலைநோக்கியை நான் விடவில்லை. மாவுக்கட்டு பிரித்த அடுத்த அமாவாசைக்கே போனேன். களத்தின் உயரமான விளிம்பு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார் பெரியவர். நாங்கள் கேட்கவே இல்லை. தைத்து வைத்த கண்கட்டுகளையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதற்குப் பதில், கண்ணருகு வில்லைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையைக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். குனிந்து பார்க்கும்போது இடது கண்ணுக்கு நேராக அது வந்து நிற்கும். நிமிர்ந்தால் அட்டை தொலைநோக்கியோடு இருந்துவிடும், என்னோடு வராது. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் இரண்டு மடிப்பு, ஏனென்றால் மங்கலான சிவப்பு வெளிச்சம் குச்சி செல்களை அவ்வளவாகத் தொடாது. வரைபடம் காகிதத்தில் அச்செடுத்தது. கைப்பேசி வண்டிக்குள். நடக்க வேண்டுமென்றால் டார்ச்சைக் காலடியில் அடித்துக்கொண்டு, இரண்டு கண்ணும் திறந்து. இருட்டுப் பார்வை கொஞ்சம் குறையும். உட்கார்ந்து ஒரு பாட்டு பாடுகிற நேரம் காத்திருந்தால் திரும்பவும் வந்துவிடுகிறது. அந்த மூன்றாவது கீற்று இப்போதும் தெரிகிறது.

2001-லிருந்து 2017 வரை என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த எல்லோரும் அந்தச் சோதனையைப் பார்த்தவர்கள். உங்களில் எத்தனை பேர் இன்று லாரி ஓட்டுகிறீர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்து பைக்கில் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வகுப்புக் குழுக்களில் இதைப் போடுங்கள். குழுவில் இல்லாதவர்களின் எண் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள், நானே கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்.